அப்பொல்லியோன் என்ற பெயருக்கு என்ன பொருள்?

கேள்வி இதுதான்: வெளிப்படுத்தின விசேஷம் 9:11-ல் பாதாளத்தின் தூதனுக்குக் கிரேக்க பாஷையில் ‘அப்பொல்லியோன்’ என்று பெயர் என்கிறது வேதம். அந்தப் பெயருக்கு என்ன பொருள்? அது கிரேக்கர்களின் சூரியக் கடவுளுடைய பெயரா? இந்தத் தூதன் சாத்தான்தானா, வேறு யாராவதா?

முதலில் சுருக்கமான பதில். பெயரின் பொருள் ‘அழிக்கிறவன்’. அது அந்தக் கடவுளின் பெயர் கிடையாது. ஆனால் அந்தக் கடவுளின் பெயரை அறிந்த காதுக்கு இரண்டும் ஒட்டிக் கேட்காமல் போகாது. அவன் சாத்தான் என்று வசனம் எங்கும் சொல்லவில்லை. இவ்வளவு போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு பெயருக்குள் எபிரெயமும் கிரேக்கமும் சேர்ந்து செய்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல.

ஐந்தாம் எக்காளம் ஊதப்படுகிறது. பாதாளக்குழி திறக்கிறது, புகை எழும்புகிறது, புகையிலிருந்து வெட்டுக்கிளிகள் புறப்படுகின்றன. அவற்றுக்கு ஒரு ராஜா உண்டு, அவன் பாதாளத்தின் தூதன். எபிரெயத்தில் அவன் பெயர் அபெத்தோன், கிரேக்கத்தில் அப்பொல்லியோன். பைபிள் முழுவதிலும் இந்தக் கிரேக்கப் பெயர் வருவது இந்த ஓரிடத்தில் மட்டும்தான். வேறெங்கும் கிடையாது.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, இப்படி ஒரு தூதனுக்குக் கிரேக்கச் சொல்லே பெயராக இருப்பதுதான். மிகாவேல், காபிரியேல் என்று புதிய ஏற்பாட்டில் பெயர் சொல்லப்படும் நல்ல தூதர்கள் இரண்டே பேர். இரண்டும் எபிரெயப் பெயர்கள். கிரேக்கத்தில் எழுதிய லூக்காவும் யூதாவும் யோவானும் அவற்றை ஒலியாக அப்படியே எடுத்து எழுதினார்களே தவிர, பொருளை மொழிபெயர்க்கவில்லை. வேற்றுமை உருபுகூட அந்தப் பெயர்களில் ஒட்டாது. எந்த வேற்றுமையில் வந்தாலும் மிகாவேல் மிகாவேல்தான். தோபித்து ஆகமத்தில் வரும் ரபேலுக்கும் அதே கதி. பாதாளத்தின் தூதனுக்கு மட்டும், வெளிப்படுத்தலை எழுதிய யோவான் இரண்டு மொழியிலும் பெயர் சொல்கிறார். அப்படியென்றால், வாசிக்கிறவருக்குப் பெயரின் பொருள் புரிந்தாக வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

‘எபிரெய பாஷையிலே’ என்பதற்கு அவர் எழுதும் கிரேக்கச் சொல் ‘எப்ராயிஸ்தி’. புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் யோவான் சுவிசேஷத்திலும் வெளிப்படுத்தலிலும் மட்டுமே காணப்படுகிறது. பெதஸ்தா, கபத்தா, கொல்கொதா போன்ற பெயர்கள் வரும் இடங்களில் சுவிசேஷத்தில் அதைப் பார்க்கலாம். வெளிப்படுத்தலில் இரண்டு முறை: இங்கே ஒன்று, அர்மகெதோன் என்ற போர்க்களப் பெயர் வரும் 16:16-ல் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அர்மகெதோனுக்குக் கிரேக்க விளக்கம் கொடுக்காமலே விட்டுவிடுகிறார் (அதனால்தான் இன்றுவரை அதைச் சுற்றி அத்தனை சண்டை). அபெத்தோனுக்கு மட்டும் விளக்கத்தைக் கூடவே வைக்கிறார்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த இடம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கும். ‘அப்பொல்லுமி’ என்பது ஒரு கிரேக்க வினைச்சொல். அதன் பிற்கால வடிவம் ‘அப்பொல்லுவோ’. அந்த வடிவத்தின் நிகழ்கால, செய்வினை, ஆண்பால் ஒருமை எச்ச வடிவம்தான் ‘அப்பொல்லியோன்’. நம் இலக்கணத்தில் இதற்குச் சரியான பெயரே இருக்கிறது: வினையாலணையும் பெயர். செய்கிறவன், வருகிறவன், அழிக்கிறவன் என்பதுபோல. ‘அழிப்பான்’ என்ற வருங்காலமும் இல்லை, ‘அழித்தவன்’ என்ற இறந்தகாலமும் இல்லை. அழித்துக்கொண்டிருப்பதே அவன் இயல்பு என்கிற நிகழ்காலம்.

ஏதென்ஸின் பழைய உரைநடை எழுதியவர்கள் இதே பொருளில் ‘அப்பொல்லூஸ்’ என்றுதான் எழுதியிருப்பார்கள். முதல் நூற்றாண்டுப் பேச்சுக் கிரேக்கத்தில் ‘மி’ என்று முடியும் வினைகள் மெல்ல மெல்ல ‘ஓ’ என்று முடியும் வினைகளின் வாய்பாட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. ரோமர் 14:15-ல் பவுல் எழுதும் ஏவல் வடிவமும் இந்தப் புதிய வகைதான். ஆகவே யோவான் பெயருக்காக ஒரு சொல்லை வலிந்து உருவாக்கினார் என்று சொல்ல முடியாது. வழக்கில் இருந்த வடிவத்தை எடுத்திருக்கிறார். ஆனால் பழைய வடிவத்தை எடுத்திருந்தால் ஒரு விஷயம் கிடைத்திருக்காது. அபெத்தோன், அப்பொல்லியோன் என்று இரண்டு பெயர்களும் ‘ஓன்’ என்ற ஒரே ஓசையில் முடிகின்றன. உரக்க வாசிக்க எழுதப்பட்ட நூல் இது (1:3-ல் வாசிக்கிறவனும் கேட்கிறவர்களும் என்று அதுவே சொல்கிறது). கேட்கிறவர்களின் காதில் இந்த இயைபு நிச்சயம் விழுந்திருக்கும்.

இன்னொரு சின்ன நுணுக்கம். ‘பெயர் உடையவன்’ என்ற அமைப்பில் கிரேக்க இலக்கணப்படி அந்தப் பெயர் செயப்படுபொருள் வேற்றுமையில் வந்திருக்கலாம். யோவான் அதை எழுவாய் வேற்றுமையிலேயே விட்டுவிடுகிறார். நாம் ‘அப்பொல்லியோன் என்று பெயர்’ என்று சொல்லும்போது ‘என்று’ போட்டுப் பெயரைத் தொடாமல் நிறுத்துகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. அதனால் இங்கே அந்தச் சொல் வெறும் வினையெச்சமாக நிற்கவில்லை, முழுமையான இயற்பெயராகவே நிற்கிறது.

இப்போது எபிரெயப் பக்கம். அபத்தோன் (நம் வேதாகமத்தில் அபெத்தோன்) ‘அவத்’ என்ற வேரிலிருந்து வந்தது. அழிந்துபோவது, காணாமல் போவது இரண்டும் அந்த வேருக்குப் பொருள். எபிரெய வேதத்தில் அபத்தோன் ஆறு இடங்களில் வருகிறது: யோபுவில் மூன்று, நீதிமொழிகளில் இரண்டு, 88-ஆம் சங்கீதத்தில் ஒன்று. இந்த ஆறில் எதிலும் அது தூதன் கிடையாது. அது ஓர் இடம், அல்லது ஒரு நிலை. பெரும்பாலும் பாதாளம், மரணம், கல்லறை ஆகியவற்றோடு ஜோடி சேர்ந்து வரும். சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூத நன்றிப் பாடல்களிலும் அப்படித்தான்: பாதாளத்தின், அபத்தோனின் ஆழத்திலிருந்து என்னைத் தூக்கிவிட்டீர் என்கிற வகையில் அது வருகிறது. பிற்கால ரபிமார்கள், யூத மரபுச் சட்டநூலான தல்மூதில் நரகத்தின் ஏழு பெயர்களைப் பட்டியலிடும்போது அபத்தோனையும் அதில் சேர்த்தார்கள்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பில் இந்த ஒரே எபிரெயச் சொல் யோபு 26:6-ல் ‘நரகம்’ ஆகிறது, யோபு 28:22-ல் ‘நாசம்’ ஆகிறது, நீதிமொழிகள் 15:11-ல் ‘அழிவு’ ஆகிறது, வெளிப்படுத்தலில் திடீரென்று ‘அபெத்தோன்’ ஆகிவிடுகிறது. தமிழில் மட்டும் வாசிப்பவர், இந்த நான்கும் ஒரே சொல் என்று ஊகிக்க வழியே இல்லை. அபெத்தோன் ஏதோ வானத்திலிருந்து குதித்த புதுப் பெயர் மாதிரிதான் தெரியும். மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஒவ்வோர் இடத்திலும் சொற்றொடருக்குப் பொருந்துகிற சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் இணைப்பு அறுந்துபோய்விட்டது.

யோபு 28:22-ஐ மட்டும் சற்று நின்று பாருங்கள். ஞானம் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டே வரும்போது, நாசமும் மரணமும் வாய் திறந்து பேசுகின்றன: அதன் கீர்த்தியைக் காதால் மட்டும் கேட்டிருக்கிறோம் என்கின்றன. இடமாக இருந்தது ஒரு கணம் ஆளாகிவிடுகிறது. யோவான் செய்ததன் விதை அங்கே கிடக்கிறது. வெளிப்படுத்தல் 6:8-ல் மங்கின நிறக் குதிரையில் ஏறிவருகிறவனுக்கு மரணம் என்றே பெயர், பின்னால் பாதாளம் தொடர்ந்து போகிறது. 8:11-ல் விழும் நட்சத்திரத்துக்கும் ஒரு பெயர் உண்டு. தமிழில் அதை ‘எட்டி’ என்று அழகாக மொழிபெயர்த்துவிட்டார்கள். கசப்புக்கு நமக்கு அதைவிடப் பொருத்தமான மரம் ஏது? எட்டியை மொழிபெயர்த்தவர்கள் அடுத்த அதிகாரத்தில் அப்பொல்லியோனை ஒலிபெயர்த்தே விட்டார்கள். காரணம் எளிது: மூலத்திலேயே இரண்டு மொழிப் பெயர்கள் அடுத்தடுத்து நிற்கும்போது, மூன்றாவதாகத் தமிழையும் போட்டால் வசனத்தின் அளவு கூடிவிடும். பழைய லத்தீன் வேதாகமமான வுல்காத்தா அதற்குத் தயங்கவில்லை. மூலத்தில் இல்லாத ஒரு துண்டைச் சேர்த்து, ‘லத்தீனில் எக்ஸ்தெர்மினான்ஸ் என்று பெயர்’ என்று எழுதிவிட்டது. அதுவும் நிகழ்கால எச்சம்தான்.

இனிதான் முக்கியமான இடம். யூதர்கள் கிறிஸ்துவுக்கு முன்பே தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள், செப்துவஜிந்த் என்பது அதுதான். அதில் அபத்தோனுக்கு வழக்கமாக வரும் சொல் ‘அப்போலெயா’, அதாவது அழிவு. இது தொழிற்பெயர். யோவான் அதையே எழுதியிருந்தால் ‘கிரேக்கத்தில் அப்போலெயா என்று பெயர்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் அந்தத் தொழிற்பெயரை விட்டுவிட்டு, அதே வேரின் வினையாலணையும் பெயரை எடுத்தார். அழிவு என்பது அழிக்கிறவன் ஆயிற்று. கண்டிப்பாகச் சொன்னால், அப்பொல்லியோன் என்பது அபத்தோனுக்கு நேர் மொழிபெயர்ப்பு கிடையாது. இடத்தின் பெயர் இடத்தை ஆள்கிறவனின் பெயராக மாறியிருக்கிறது. இணையத்தில் பல அகராதிகள் இரண்டுக்கும் ‘அழிப்பவன்’ என்றே போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அபத்தோனுக்கு அது சரியில்லை.

அடுத்து அந்த வினைச்சொல்லின் புழக்கம். அப்பொல்லுமி புதிய ஏற்பாட்டில் சுமார் 90 முறை வருகிற, மிகச் சாதாரணமான சொல். வேதாகம மூலச் சொற்களுக்கு எண் கொடுக்கும் ஸ்ட்ராங்ஸ் அகராதியை வைத்துத் தேடுகிறவர்கள் 622-ஐப் போட்டுப் பாருங்கள். அப்பொல்லியோன் அடுத்த எண்ணான 623. அந்த இடங்களை வரிசையாக வாசித்தால் ‘அழி’ என்ற ஒரு தமிழ்ச் சொல்லால் சமாளிக்க முடியாது என்பது விளங்கும். லூக்கா 15-ல் மேய்ப்பன் ஆட்டைத் தொலைக்கிறான், பெண் வெள்ளிக்காசைத் தொலைக்கிறாள், இளைய குமாரன் காணாமற்போய்த் திரும்பக் காணப்படுகிறான். எல்லாம் இதே வினை. படகில் தண்ணீர் ஏறும்போது சீஷர்கள் மடிந்துபோகிறோமே என்று அலறுவதும் இதே வினை. யோவான் 3:16-ல் ‘கெட்டுப்போகாமல்’ என்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் சொல்லும் இதுதான். மாற்கு 1:24-ல் அசுத்த ஆவி ‘எங்களைக் கெடுக்கவா வந்தீர்?’ என்று இயேசுவைப் பார்த்துக் கேட்கிறதே, அதுவும் இதே வினை. அங்கே அழிக்கிறவர் யார் என்று ஆவி நினைக்கிறது பாருங்கள். செப்துவஜிந்தில் சவுலின் தகப்பனுடைய கழுதைகள் காணாமற்போவதும் இதே வினையால்தான்.

இதற்குச் சரியான தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது என்பது என் கருத்து: தொலை. ‘பேனாவைத் தொலைத்தான்’ என்றால் இழந்தான். ‘ஆளையே தொலைத்துக்கட்டினான்’ என்றால் ஒழித்தான். ‘தொலைந்தான்’ என்பதற்கும் இரண்டு பொருள்: காணாமல் போனான், கதை முடிந்தது. கிரேக்க வினையும் இதே அகலம் கொண்டது; செய்வினையில் இழ, ஒழி; தன்வினையில் தொலைந்துபோ, மடிந்துபோ. ‘தொலைந்து போ’ என்று நாம் திட்டுகிற மாதிரியே அரிஸ்தோபனேசின் நகைச்சுவை நாடகங்களில் ‘அப்பொலொயோ’ என்று திட்டிக்கொள்வார்கள், இதே வினை. அப்பொல்லியோன் செய்வினை என்பதால் அவன் தொலைந்தவன் அல்லன், தொலைக்கிறவன். தன்வினை வடிவம் 1 கொரிந்தியர் 1:18-ல் இருக்கிறது, ‘கெட்டுப்போகிறவர்களுக்கு’ என்று.

‘அப்போலெயா’ என்ற தொழிற்பெயரையும் மறந்துவிடக் கூடாது. யூதாசை ‘கேட்டின் மகன்’ என்கிறது யோவான் 17:12. பாவமனுஷனையும் அப்படியே சொல்கிறது 2 தெசலோனிக்கேயர் 2:3. வெளிப்படுத்தல் 17-ல் பாதாளத்திலிருந்து ஏறிவரும் மிருகம் நாசமடையப்போகிறது என்று இரண்டு முறை வரும், அங்கும் அப்போலெயாதான். அப்பொல்லியோனின் வேர் அந்த நூலில் கடைசியாகப் போய்ச்சேரும் இடங்களில் அது ஒன்று.

இனிச் சூரியக் கடவுள் கேள்வி. அந்தக் கடவுளின் கிரேக்கப் பெயர் அப்பொல்லோன். (அவர் ஆதியில் சூரியனும் இல்லை, ஹேலியோஸ் என்ற சூரியனோடு பின்னால்தான் இணைக்கப்பட்டார். ஓமரின் காவியத்தில் அவர் வில்லெடுத்து அம்பால் கொள்ளைநோய் அனுப்புகிறவர்.) அப்பொல்லோன், அப்பொல்லியோன், நடுவில் ஓர் அசைதான் வித்தியாசம். மொழியியல்படி இரண்டுக்கும் வேர் ஒன்றில்லை. கடவுளின் பெயருக்கு டோரியக் கிளைமொழியில் ‘அப்பெல்லோன்’ என்ற வடிவம் இருக்கிறது, அதன் மூலத்தைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

ஆனால் கிரேக்க மக்கள் மொழியியல் பார்த்துப் பேசவில்லை. கி.மு. 458-ல் மேடையேறிய எஸ்கிலசின் ‘அகமெம்னோன்’ நாடகத்தில் கசாந்திரா அரண்மனை வாசலில் நின்றுகொண்டு அப்பொல்லோனின் பெயரைச் சொல்லி ஓலமிடுகிறாள். உடனே அதே மூச்சில், என்னை இரண்டாவது முறையும் அழித்துவிட்டாய் என்று இந்த வினையாலேயே அவனைக் குற்றம் சாட்டுகிறாள். பிளேட்டோவின் ‘கிராத்திலஸ்’ உரையாடலிலும் இது வருகிறது: பெயரைக் கேட்டாலே ஏதோ பயங்கரப் பொருள் இருப்பதாகப் பலர் அஞ்சுகிறார்கள் என்று சாக்ரட்டீஸ் சொல்லி, கழுவுகிறவர், விடுவிக்கிறவர் என்றெல்லாம் வேறு விளக்கங்களை அடுக்குகிறார். அப்படியானால் இந்தச் சிலேடை யோவானுக்கு ஐந்து நூற்றாண்டுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

யோவான் பத்மு தீவிலிருந்து எழுதிய ஏழு சபைகளும் அப்பொல்லோன் வழிபாட்டின் நடுவில் இருந்தன. எபேசுவுக்கும் சிமிர்னாவுக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் கிளாரோஸ், மிலேத்துவுக்குத் தெற்கே திதிமா, இரண்டும் பெயர்பெற்ற அப்பொல்லோன் குறிசொல்லும் தலங்கள். லவோதிக்கேயாவிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் எராப்போலி. அங்கே அப்பொல்லோன் கோவிலை ஒட்டியே பாதாளக் கடவுளான புளூட்டோவுக்குரிய ஒரு குகைவாய் இருந்தது. அதிலிருந்து நச்சு ஆவி பனிமூட்டம் போல எழும்பும். முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய புவியியலாளர் ஸ்திராபோ, உள்ளே விடப்படும் காளைகள் செத்து விழுவதையும், தானே சிட்டுக்குருவிகளை எறிந்து பார்த்தபோது அவை அந்த நிமிடமே விழுந்து உயிர்விட்டதையும் குறித்து வைத்திருக்கிறார். பூமியில் ஒரு துளை, அதிலிருந்து எழும்பும் கொல்லும் புகை, பக்கத்தில் அப்பொல்லோன் கோவில். வெளிப்படுத்தல் 9-ஐ அந்த ஊர்ப்பக்கத்து மனிதர் வாசிக்கக் கேட்டிருந்தால் அவருக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதை வைத்து யோவான் எராப்போலியைத்தான் மனதில் வைத்து எழுதினார் என்று நிரூபித்துவிட முடியாது என்பதும் உண்மை.

வெட்டுக்கிளிக்கும் அந்தக் கடவுளுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. ஏதென்ஸ் கோட்டைமேட்டில் ‘வெட்டுக்கிளி அப்பொல்லோன்’ என்று ஒரு வெண்கலச் சிலை இருந்ததாகவும், நாட்டை வெட்டுக்கிளியிடமிருந்து காத்ததற்காக அந்தப் பெயர் என்றும் பழைய கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எழுதுகிறார். அங்கே காக்கிறவர், இங்கே வெட்டுக்கிளிக்கு ராஜா.

இதற்குமேல் சிலர் அரசியலையும் இழுப்பார்கள்: தொமித்தியான் பேரரசன் தன்னை அப்பொல்லோனாகக் கருதினான், யோவான் அவனைத்தான் குத்துகிறார் என்று. எனக்கு இது அவ்வளவு பிடிபடவில்லை. தொமித்தியான் விசேஷமாகக் கொண்டாடிய தெய்வம் மினர்வா. அப்பொல்லோனை ஏற்றிப்பிடித்தவன் அகுஸ்து. ரோமின் பாலத்தீன் குன்றில் கி.மு. 28-ல் அவருக்குக் கோவில் கட்டியவன். யாழ் மீட்டும் அப்பொல்லோனாகக் காட்சி தந்தவன் நீரோ. ரோம ஆட்சி முழுவதன் மேலும் ஒரு நிழல் விழுகிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம், ஒரே ஓர் அரசன் மேல் முத்திரை குத்துவது அதிகப்படி.

சிலேடையை ஆதரிக்கிறவர்கள் ஒரு நல்ல வாதம் வைப்பார்கள். அழிக்கிற தூதனுக்குக் கிரேக்க வேதத்தில் ஏற்கெனவே ஆகிவந்த சொல் ஒன்று உண்டு: யாத்திராகமம் 12:23-ல் எகிப்தின் தலைப்பிள்ளைகளைக் கொல்ல வரும் ‘ஓலெத்ரேயோன்’, நம் வேதாகமத்தில் சங்காரக்காரன். 1 கொரிந்தியர் 10:10-லும் எபிரெயர் 11:28-லும் அதே வேர்ச்சொல் வருகிறது. கையிலேயே அந்தச் சொல் இருக்க, யோவான் ஏன் வேறொன்றை எடுத்தார்? கடவுளின் பெயரை உரச வேண்டும் என்றுதான், என்பது அவர்கள் முடிவு. மறுபக்கத்து வாதமும் வலுவானதே. அபத்தோனுக்கு அப்போலெயா என்பது செப்துவஜிந்த் வழக்கு. அதிலிருந்து அப்பொல்லியோனுக்கு ஒரே எட்டுதான். சங்காரக்காரன் என்று போட்டிருந்தால் அபத்தோனோடு உள்ள தொடர்பு போயிருக்கும். அதோடு, அலெக்சந்திரியாவிலிருந்து வந்த வசனவல்லவரின் பெயரும் அந்தக் கடவுளை ஒட்டியதுதான், நம் வேதாகமத்தில் ‘அப்பொல்லோ’ என்று வருகிறவர். ஆதித் திருச்சபை அவரைப் பெயர் மாற்றச் சொல்லவில்லை. என் கணிப்பு: சொல்லைத் தீர்மானித்தது செப்துவஜிந்த், கூடவே கிடைத்த சிலேடையை யோவான் கேட்கத்தான் கேட்டார், கேட்டுவிட்டுத் தடுக்கவில்லை.

ராஜா என்ற சொல்லையும் சும்மா கடந்துவிடக் கூடாது. நீதிமொழிகள் 30:27 வெட்டுக்கிளிகளுக்கு ராஜா இல்லை என்கிறது. இல்லாவிட்டாலும் அவை பவுஞ்சு பவுஞ்சாய் (அணி அணியாய்)ப் புறப்படுகின்றன என்பதுதான் அங்கே வியப்பு. யோவான் காணும் வெட்டுக்கிளிகளுக்கோ ராஜா இருக்கிறான். கேட்கிறவர்களுக்கு இவை சாதாரணப் பூச்சி இல்லை என்று அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஆமோஸ் 7:1-ல் செப்துவஜிந்த் மூல எபிரெயத்திலிருந்து விலகி, வெட்டுக்கிளிக் கூட்டத்தில் ‘கோகு என்னும் ராஜா’ ஒருவனைக் கொண்டுவருகிறது. வெட்டுக்கிளி ராஜா என்ற எண்ணம் யோவானுக்கு முன்பே கிரேக்க வேதத்துக்குள் நுழைந்திருந்தது என்பதற்கு அது சாட்சி.

சரி, அவன் யார்? சாத்தான் என்பது சபைகளில் பரவலான விளக்கம். எனக்கு அதில் ஒரு தயக்கம். 12:9-ல் வலுசர்ப்பம், பழைய பாம்பு, பிசாசு, சாத்தான் என்று எல்லாப் பெயரையும் ஒரே மூச்சில் அடுக்குகிற யோவான், அப்பொல்லியோனை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. 9:1-ல் குழியின் திறவுகோலைப் பெறும் நட்சத்திரமும் இவனும் ஒருவரே என்பார்கள். இருக்கலாம், வசனம் அதை இணைக்கவில்லை. இன்னும் சிலர், யெகோவாவின் சாட்சிகள் உட்பட, அவன் கிறிஸ்துவே என்கிறார்கள். 20:1-ல் பாதாளத்தின் திறவுகோலோடு இறங்கும் தூதனையும் 1:18-ல் கிறிஸ்துவின் கையில் இருக்கும் திறவுகோல்களையும் சேர்த்து வாசிப்பதால் வரும் முடிவு அது. பெயரின் பொருள் மட்டும் இதற்குத் தடையாகாது, ஏனென்றால் யாக்கோபு 4:12 இரட்சிக்கவும் அழிக்கவும் வல்லவர் என்று கடவுளையே இந்த வினையால் சொல்கிறது. ஆனால் பாதாளத்திலிருந்து ஏறிவருகிறவை இந்த நூலில் எப்போதும் பகைப்பக்கமாகவே இருப்பதால், அந்த வாசிப்பு எனக்கு ஒட்டவில்லை. பாதாளத்தை ஆளும் தனியொரு தூதன் என்று விடுவதே வசனத்துக்கு அடக்கமான வாசிப்பு.

அவன் உருவம் பற்றி வசனம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பொன்முடி, மனுஷ முகம், பெண்ணின் கூந்தல், சிங்கப் பல், தேள் கொடுக்கு எல்லாம் வெட்டுக்கிளிகளுக்கு. நம்மில் பலருக்கு அப்பொல்லியோன் என்றதும் செதிலும் இறக்கையும் வயிற்றில் நெருப்புமாக ஒரு பூதம் கண்ணில் வரக் காரணம், ஜான் பனியன் 1678-ல் எழுதி, தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று வீடுகளில் வாசிக்கப்பட்ட கதை. அந்த உருவம் பனியனுடையது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பெயர் அழிக்கிறவன், ஆனால் 9:5-ல் அவன் சேனைக்குக் கொல்ல அனுமதி கிடையாது. ஐந்து மாதம் வேதனைப்படுத்தலாம், அவ்வளவுதான். புல்லைத் தொடக் கூடாது, மரத்தைத் தொடக் கூடாது, நெற்றியில் முத்திரை உள்ளவர்களைத் தொடக் கூடாது. வெட்டுக்கிளிக்குப் பச்சையைத் தொடாதே என்பது எப்பேர்ப்பட்ட கட்டளை! அந்த அதிகாரத்தில் ‘கொடுக்கப்பட்டது’, ‘கட்டளையிடப்பட்டது’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. திறவுகோலும் கொடுக்கப்பட்டதுதான், அதிகாரமும் கொடுக்கப்பட்டதுதான். பெயரின் முழுப் பொருளையும் நடத்திக்காட்ட அந்த ராஜாவுக்கு விடுதலை இல்லை. பெயர் சொன்ன வசனத்துக்கு அடுத்து, 9:12-ல், முதலாம் ஆபத்து கடந்துபோயிற்று என்று சொல்லிவிட்டு யோவான் ஆறாம் எக்காளத்துக்குப் போய்விடுகிறார்.